வெறும் வண்டியின் எடை

தவனேசனின் நெஞ்சைத் திறந்து தைத்து அனுப்பிய மருத்துவர்
பதின்மூன்று வாரம் படியேறக் கூடாது என்றார்.
எங்கள் சலவை ஆலையில் பதினேழு படி.
கீழே கொதிகலன், மேலே மேற்பார்வையாளர் அறை.
டிசம்பர் வேறு.
டர்பன் கடற்கரை ஓட்டல்களில்
ஒரு கட்டில்கூடக் காலி இல்லை.

தற்காலிகமாய் ஓர் ஆள் வேண்டும் என்று
ஏஜென்சிக்கு எழுதினேன். மூவரை அனுப்பினார்கள்.
முதல் ஆள் சம்பளத்தோடு நிறுத்திக்கொண்டான்.
அடுத்தவர், போனவர் கட்டாயம் திரும்பி வருவாரா என்று
இரண்டு தடவை கேட்டார்,
ஒரு மாதிரி நம்பிக்கையோடு.
மூன்றாவதாக வந்தவள் வாசலில் நின்று
"சாவுபோனா" என்றாள்.

ஐம்பத்தெட்டு வருடம் இசிபிங்கோவில் இருந்தும்
என் தமிழ்க் காது
அந்தச் சொல்லில் முதலில் சாவைத்தான் கேட்கிறது.
ஜூலுவில் அது வணக்கம்.
சொல்லுக்குச் சொல் எடுத்தால்:
உன்னைப் பார்க்கிறோம்.

பெயர் பொங்கெகிலே.
உம்லாசியில் ஆஸ்பத்திரித் துணிக்கிடங்கில் ஒன்பது வருடம்.
காலணி பழையது, பாலிஷ் புதிது, பேச்சு குறைவு.
எடை போட்டுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.
கையெழுத்திடும் முன் ஒன்றே ஒன்று கேட்டாள்:
"போகும்போது சாவியை யாரிடம் கொடுக்க வேண்டும்?"
தவனேசனின் நாற்காலியில் உட்காரவில்லை.
நின்றே வேலை பார்த்தாள்.

இரண்டாம் நாள் காலை,
லாரி வருவதற்கு முன்,
வெறும் தள்ளுவண்டி ஒன்றை
தராசு மேடையில் ஏற்றி நிறுத்துப் பார்த்தாள்.
பதினோரு வருடத்தில் யாரும் செய்யாத வேலை.

சுவரில் என் கையெழுத்தில் ஓர் அட்டை:
வண்டி 35 கிலோ. கழித்துக்கொள்ளவும்.
தராசு காட்டியது 38.
இன்னொரு வண்டி. 38.
மூன்றாவதும் அதேதான்.
பேனாவை எடுத்து ஒரே கோடாக அடித்தாள்.
மேலே 38 என்று எழுதி, பக்கத்தில்
தன் பெயரின் முதல் எழுத்தைப் போட்டாள்.
படிக்கட்டில் நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.
நான் நிற்பது அவளுக்கும் தெரியும்.

நாளுக்கு அறுபது வண்டி.
வண்டிக்கு மூன்று கிலோ.
கிலோவுக்கு ஒன்பது ரேண்ட்.
பெருக்க வேண்டாம், நான் பெருக்கியிருக்கிறேன்.
மகன் கேப் டவுனில் படித்தான் அதில்.

கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம்.
என்னவென்று?
சரியாக ஏன் நிறுத்தாய் என்றா?
இருபத்து நாலு மணி நேர அறிவிப்பில்
ஆளை மாற்றிக்கொள்ளலாம் என்கிறது ஒப்பந்தம்.
ஏஜென்சிக்குப் போன் போட்டேன்.
காத்திருங்கள் என்று பாட்டுப் போட்டார்கள்.
பாட்டு முடிவதற்குள் வைத்துவிட்டேன்.
நல்லவனாகிவிடவில்லை.
அன்று மட்டும் ஆறு லாரி.

ஜனவரியில் பில் இளைத்தது.
மின்வெட்டு நாளிலும் துணி நேரத்துக்குப் போனது.
இஸ்திரிப் பகுதிப் பெண்கள் இரவில் தனியாக நிற்காமல்
டாக்சி நிறுத்தம் வரை கூடவே போனாள்.
இதெல்லாம் என் கணக்கில் எந்தப் பக்கம் எழுதுவது
என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

கடைசி வெள்ளி.
இருங்கள் என்று சொல்ல ஒரு வாக்கியம் வைத்திருந்தேன்,
பதவிப் பெயர்கூட யோசித்து.
அவள் சாவிகளை மேஜையில் எண்ணி வைத்தாள்,
பெற்றுக்கொண்டதாக ஒரு கையெழுத்துக் கேட்டாள்.
போட்டேன். அவ்வளவுதான்.

திங்கள்கிழமை தவனேசன் வந்தார்.
ஐந்து படிக்கு ஒரு மூச்சு.
அட்டை முன்னால் நின்றார், அதிக நேரம்.
"ஓட்டல்காரன் கண்டுபிடிச்சிட்டானா?"
இல்லை.
"அப்புறம் யாரு?"
கீழே கொதிகலன் விசில் அடித்தது.
அதையே பதிலாக வைத்துக்கொண்டேன்.

அட்டையை மாற்றச் சொல்லவில்லை அவர்.
நானும் சொல்லவில்லை. இன்றுவரை.
நாற்காலியில் சற்று உட்கார்ந்து எழுந்தார்.
பதின்மூன்று வாரத் தூசி
அவர் கால்சட்டையில் ஒட்டிக்கொண்டு வந்தது.